இரண்டரைப் பிணைப்பு

அன்று பிற்பகல் அந்த வீட்டில் இருந்தவர்கள் மூவர். சரக்கு ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்ற மாமனார். வேதியியல் படித்து, மறுநாள் வேறோர் ஊர்க் கல்லூரியில் வேலைக்காக மாதிரி வகுப்பு எடுக்க வேண்டியிருந்த மருமகள். காற்றைக் குளிரவைத்து அதிலுள்ள வாயுக்களைப் பிரிக்கும் ஆலையில் வேலை பார்க்கும் மகன். இவர் பாதியில் வந்தார். முடிவில் பேசுபவர் மாமனாருடைய தங்கை. அவர் அன்று அங்கே இல்லை. வேறு எவரும் இல்லை. ஆகையால் வேறு எவர் எதைச் சொன்னாலும் அது நேரில் கண்டதாகாது.

மாமனார்: …தூங்கல. கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டா நல்லா மனசுல ஏறும்.

மருமகள்: குறட்டை வந்துச்சு மாமா.

மாமனார்: அது மழை.

மருமகள்: மழை நம்ம சோபாவுல உக்காந்தா பெய்யுது?

மாமனார்: சரி… நாளைக்கு உன் வகுப்புல கடைசி பெஞ்சுல நாலு பேர் தூங்குவாங்க. அவங்களையும் இப்படிக் குத்திக் காட்டினா உனக்கு வேலை குடுப்பாங்களா? அதுக்குத்தான் ஒத்திகை. விட்ட இடத்துலேருந்து சொல்லு.

மருமகள்: எங்க விட்டேன்னு நீங்க சொல்லுங்க. மாணவர் நீங்கதானே.

மாமனார்: ரெண்டு தட்டு வெச்சே. தட்டுன்னா அணு. தையல் டப்பாவைத் திறந்து பொத்தானைக் கொட்டினே. பொத்தான்னா எலக்ட்ரான். அப்புறம்… கரண்ட் போச்சு. ஃபேன் மெதுவா சுத்தி நின்னுச்சு. ஜன்னல்ல தண்ணி வழிஞ்சுது…

மருமகள்: அப்புறம் குறட்டை.

மாமனார்: நீ பாடத்தை நடத்து.

மருமகள்: முதல்ல ஒண்ணை மறந்துடணும் மாமா. எலக்ட்ரான் உண்மையில பொத்தான் இல்ல. இந்தா இங்க இருக்குன்னு விரல் வைக்க முடியாது. ஒரு மூடுபனி மாதிரி… அணுவைச் சுத்தி, மெல்லிசா…

மாமனார்: மூடுபனி எனக்குத் தெரியும்.

மருமகள்: உங்களுக்குத் தெரியாததா.

மாமனார்: கிண்டல் பண்ணாதே. கடைசிப் பெட்டியில நான் ஒருத்தன். முன்னாடி எத்தனையோ பெட்டி, அதுக்கும் முன்னாடி எஞ்சின். பனி இறங்கிட்டா அடுத்த பெட்டியே தெரியாது. எங்க பாத்தாலும் வெள்ளை. நான் மட்டும் ஆகாசத்துல தனியா மிதந்து போற மாதிரி… வண்டி இருக்கா, கழண்டு போயிடுச்சான்னு எப்படித் தெரியும் சொல்லு?

மருமகள்: எப்படி?

மாமனார்: இழுப்பு. உள்ளங்கால்ல தெரியும். கொக்கி இழுக்கும்… விடும்… மறுபடி இழுக்கும். சரி, முன்னாடி யாரோ இருக்காங்கன்னு மனசு நிம்மதியாகும்.

மருமகள்: …இதை நாளைக்கு வகுப்புல சொல்லிக்கவா?

மாமனார்: என் பேரைச் சொல்லாம சொல்லிக்கோ.

மருமகள்: அந்த இழுப்புதான் மாமா பாடமே. ரெண்டு அணு கிட்ட வருது. ரெண்டோட பனியும் கலக்குது. கலக்குறதுக்கு ரெண்டு வழி உண்டு. ஒண்ணு, நடுவுல பனி அடர்த்தியாகும். அந்த நடுப் பனியை ரெண்டு அணுவும் தன் பக்கம் இழுக்கும். அதனால ரெண்டும் சேர்ந்தே இருக்கும். அதுக்குப் பேர் பிணைப்பு. வெள்ளைப் பொத்தான்.

மாமனார்: இன்னொண்ணு?

மருமகள்: இன்னொண்ணு, நடுவுல பனி கலைஞ்சு போயிடும். ரெண்டு ஓரத்துலயும் போய் ஒதுங்கும். இது இந்தப் பக்கம் இழுக்கும், அது அந்தப் பக்கம் இழுக்கும். அதுக்குப் பேர் எதிர்பிணைப்பு. கறுப்புப் பொத்தான்.

மாமனார்: வேண்டாத ஆளு.

மருமகள்: வேண்டாத ஆளு இல்ல மாமா. அதுவும் அந்த வீட்டு ஆளுதான். ரெண்டு அணுவுக்கும் சொந்தம். முதல்ல ஹைட்ரஜன் எடுத்துக்கலாம். ஆளுக்கு ஒரு எலக்ட்ரான், மொத்தம் ரெண்டு. ரெண்டுமே வெள்ளை. வெள்ளையிலேருந்து கறுப்பைக் கழிக்கணும், ரெண்டால வகுக்கணும். அதுதான் பிணைப்புத் தரம்.

மாமனார்: ரெண்டுல ஒண்ணுமில்லாததைக் கழிச்சா ரெண்டு. பாதி… ஒண்ணு. எதுக்குப் பாதி?

மருமகள்: ஒரு பிணைப்புக்கு ஒரு ஜோடி வேணும். அதான்.

மாமனார்: நியாயம்.

மருமகள்: இப்ப ஹீலியம். ஆளுக்கு ரெண்டு, மொத்தம் நாலு. வெள்ளையில ரெண்டு பேருக்குத்தான் இடம். மீதி ரெண்டு?

மாமனார்: கறுப்புக்குத்தான் போகணும். ரெண்டுல ரெண்டைக் கழிச்சா… பூஜ்யம்.

மருமகள்: அவ்வளவுதான். ஹீலியமும் ஹீலியமும் கிட்ட வரும், சேராமப் போயிடும்.

மாமனார்: அவ்வளவு பகையா ரெண்டுக்கும்?

மருமகள்: பகைன்னா கூடப் பரவாயில்லையே மாமா. அது பூஜ்யம். கோபம் இல்ல, தாபம் இல்ல. காத்துல ஒண்ணு இந்தப் பக்கம் போகும்… ஒண்ணு அந்தப் பக்கம்…

மாமனார்: நீ பாடத்தைத்தானே சொல்றே?

மருமகள்: பாடத்தைத்தான் சொல்றேன்.

மாமனார்: அவன் காலையில ஷூ போடும்போது சொன்னான். நல்லபடியா வகுப்பு எடுத்துட்டு வரச் சொன்னான்.

மருமகள்: அப்படியா.

மாமனார்: அப்படித்தான்.

மருமகள்: பாத்தீங்களா… ஒரே வீடு. நான் அடுப்படியில நிக்கறேன், அவர் வாசல்ல. அந்த வார்த்தை உங்க வழியா சுத்திக்கிட்டு இப்பத்தான் எனக்கு வந்து சேருது. போன மழைக்கு நான் ஆஸ்பத்திரியில கிடந்தேன். இந்த மழை வந்தாச்சு. நடுவுல நேருக்கு நேரா ஒரு வார்த்தை கிடையாது.

மாமனார்: எத்தனையோ வீட்டுல பேசிப் பேசியே அடிச்சுக்கறாங்க. இங்க ஒரு சத்தம் உண்டா? நம்ம வீட்டுப் பேச்சு இதுவரைக்கும் ஜன்னலைத் தாண்டினதில்ல.

மருமகள்: தாண்டல மாமா. நைட்ரஜனுக்கு வாங்க.

மாமனார்: வா.

மருமகள்: இங்க அறை அதிகம், அறைக்கு ரெண்டு பேர். எட்டு வெள்ளை. ரெண்டு கறுப்பு. உள்ளே இருக்கிற எலக்ட்ரானை விட்டுடலாம், அதுல கூட்டலும் கழித்தலும் சரியாப் போயிடும். வெளியில இருக்கிறதை மட்டும் எண்ணினாப் போதும்.

மாமனார்: எட்டுல ரெண்டு போனா ஆறு. பாதி மூணு. மூணு பிணைப்பா! கெட்டிக்காரக் குடும்பம்.

மருமகள்: லேசுல பிரிக்க முடியாது. நம்ம மூச்சுல முக்காவாசிக்கு மேல அதுதான். உள்ளே வந்துட்டு, யாரோடயும் சேராம, அப்படியே வெளிய போயிடும்.

மாமனார்: அதான் குடும்பம். அடுத்தது?

மருமகள்: ஆக்ஸிஜன். எட்டு வெள்ளை, நாலு கறுப்பு. நீங்களே போடுங்க. நான் சொல்லித் தரமாட்டேன்.

மாமனார்: …ஆறு.

மருமகள்: எப்படி ஆறு?

மாமனார்: பன்னெண்டு பொத்தான். பாதி ஆறு.

மருமகள்: எல்லாத்தையும் கூட்டிட்டீங்களே மாமா!

மாமனார்: கார்டு கணக்கு அப்படித்தான். வண்டியில மாட்டினதெல்லாம் வண்டி. காலியா இருந்தாலும் எண்ணணும், உடைஞ்சிருந்தாலும் எண்ணணும்.

மருமகள்: இது வண்டி இல்லையே. கறுப்பைக் கழிக்கணும்.

மாமனார்: அதுவும் அந்த வீட்டு ஆளுதான்னு நீதானே சொன்னே?

மருமகள்: சொன்னேன். வீட்டு ஆளுதான். கழிக்கணும்.

மாமனார்: வீட்டுக்குள்ளேயே இருக்கு… ரெண்டு பேருக்கும் பொதுவா இருக்கு… ஆனா கழிக்கணும்.

மருமகள்: ஆமா.

மாமனார்: அது தெரிஞ்சு பண்ணுதா?

மருமகள்: அதுக்கு என்ன தெரியும் மாமா, பாவம். அது இருக்கிற இடம் அப்படி.

மாமனார்: நடுவுல இருந்தா வெள்ளைன்னு சொன்னியே. இது நடுவுல இல்லையா?

மருமகள்: தூரத்துலேருந்து பாத்தா நடுவுல இருக்கிற மாதிரிதான் தோணும். கிட்டப் போய்ப் பாத்தா அந்தப் பக்கம் கொஞ்சம், இந்தப் பக்கம் கொஞ்சம். நட்டநடுவுல ஒண்ணுமே இருக்காது. வெறும் வெளி.

மாமனார்: …எட்டுல நாலு போனா நாலு. பாதி, ரெண்டு.

மருமகள்: ரெண்டு. சரி. மழை கொஞ்சம் விட்ட மாதிரி இருக்குல்ல?

மாமனார்: வெளிச்சம் பச்சையா இருக்கு… மரம் முழுக்கத் தண்ணி.

மருமகள்: அந்த நாலு கறுப்புல இன்னொரு விஷயம் இருக்கு மாமா. ரெண்டு ஜோடியா இருக்கும். மீதி ரெண்டு, தனித்தனி அறையில ஒத்தை ஒத்தையா இருக்கும். அதனாலதான் ஆக்ஸிஜன் காந்தத்துக்கிட்ட போகும். கல்யாணமான புதுசுல அவர் எனக்குக் காட்டினார்.

மாமனார்: யாரு, இவனா?

மருமகள்: ஆலைக்குக் கூட்டிட்டுப் போனார். பெரிய காந்தம் ஒண்ணு. குளிரவைச்சுத் திரவமாக்கின நைட்ரஜனை அதுக்கு நடுவுல ஊத்தினார். நிக்காம கீழ விழுந்துச்சு. அப்புறம் ஆக்ஸிஜனை ஊத்தினார். லேசான நீலம் மாமா… விடியக்காலை வானத்தைக் கரைச்ச மாதிரி. அது விழல. காந்தத்தோட ரெண்டு முனைக்கும் நடுவுல அப்படியே தொங்கி நின்னுச்சு. சுத்தி வெள்ளைப் புகை. 'ஏன் டீச்சர் நிக்குது?'ன்னு கேட்டார். அதுக்கு முன்னாடி யாரும் என்னை டீச்சர்னு கூப்பிட்டதில்ல.

மாமனார்: நீ என்ன சொன்னே?

மருமகள்: தனியா இருக்கிறது எதையாவது பிடிச்சுக்கப் பாக்கும்னேன்… என்ன பண்றீங்க? எதுக்குப் பொத்தானை எடுக்கறீங்க?

மாமனார்: சும்மா பாக்கறேன். இந்த வீட்டுலேருந்து ஒரு கறுப்பு எழுந்து போயிடுதுன்னு வை. எட்டுல மூணைக் கழிச்சா அஞ்சு. பாதி… ரெண்டரை.

மருமகள்: பலே!

மாமனார்: அது எப்படிம்மா? வீட்டுல ஒரு ஆள் குறைஞ்சா பலம் குறையணுமே. இங்க கூடுதே.

மருமகள்: யார் போறாங்கங்கறதைப் பொறுத்தது. நைட்ரஜன்லேருந்து ஒரு வெள்ளையை எடுங்க. ஏழுல ரெண்டு போனா அஞ்சு, பாதி ரெண்டரை. மூணா இருந்தது ரெண்டரையாச்சு. அங்க நஷ்டம், இங்க லாபம்.

மாமனார்: ரெண்டு வீட்டுலயும் ரெண்டரை…

மருமகள்: ஒண்ணு இறங்கி வந்த ரெண்டரை. ஒண்ணு ஏறி வந்த ரெண்டரை.

மாமனார்: புத்தகத்துல இப்படி இருக்கா, நீயா சொல்றியா?

மருமகள்: அளந்தே பாத்திருக்காங்க மாமா. அந்த ஒண்ணு போனதும் ரெண்டு அணுவும் இன்னும் கிட்ட வந்துடும்.

மாமனார்: …ம்.

மருமகள்: மாமா, நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அவர் வர்றதுக்குள்ள.

மாமனார்: சொல்லு.

மருமகள்: வேலை கிடைச்சா நான் அங்கேயே இருந்துடப் போறேன்.

மாமனார்: இருக்கணும்தான். வாராவாரம் வந்துட்டுப் போ.

மருமகள்: வரமாட்டேன்.

மாமனார்: வரமாட்டேன்னா?

மருமகள்: வரமாட்டேன்னா வரமாட்டேன். கிடைக்காட்டியும் அம்மா வீட்டுக்குப் போயிடுவேன்.

மாமனார்: நம்ம குடும்பத்துல புருஷனை விட்டுப் போனவங்க கிடையாதும்மா. பெண்டாட்டியை அனுப்பினவங்களும் கிடையாது.

மருமகள்: தெரியும். நாலஞ்சு தலைமுறையா கிடையாதுன்னு கல்யாணத்தன்னிக்கே சொன்னீங்க.

மாமனார்: அப்புறம்? அவன் உன்னை அடிச்சானா? திட்டினானா?

மருமகள்: திட்டியிருந்தா இருந்திருப்பேன்! போன வாரம் உங்ககிட்ட என்ன சொல்லி அனுப்பினேன்? 'இந்த ஆள் மூஞ்சியில முழிக்கவே எனக்குப் பிடிக்கல'ன்னு சொல்லி அனுப்பினேன். அவர் என்ன பதில் சொன்னார்? 'உடம்பைப் பாத்துக்கச் சொல்லுங்க'ன்னாராம். மூஞ்சியில முழிக்கப் பிடிக்கலைங்கறா, அதுக்குக் கூடக் கோபம் வரலைன்னா… நான் யாரு மாமா அவருக்கு? அதைத்தான் பூஜ்யம்னேன்.

மாமனார்: கேட் சத்தம் கேக்குது.

மகன்: அப்பா, ஒரு துண்டு எடுங்க. குடை காத்துல பிய்ஞ்சு போச்சு.

மாமனார்: அவன் நனைஞ்சு வந்திருக்கான்மா.

மருமகள்: துண்டு கொடியில இருக்குன்னு சொல்லுங்க.

மாமனார்: துண்டு கொடியில…

மகன்: கேட்டுச்சு. டீ இருக்கான்னு கேளுங்க.

மாமனார்: டீ…

மருமகள்: பிளாஸ்க்ல இருக்கு.

மாமனார்: பிளாஸ்க்ல…

மகன்: அதுவும் கேட்டுச்சுப்பா. தரையில என்ன இத்தனை பொத்தான்?

மாமனார்: ஆக்ஸிஜன்.

மகன்: எங்க ஆலையில அதை சிலிண்டர்ல அடைப்போம்.

மருமகள்: மாமா, அவர்கிட்ட சொல்லிடுங்க. நான் நாளைக்குப் போனா திரும்பி வரமாட்டேன். அங்கேயே தங்கிடுவேன்.

மாமனார்: அவ… நாளைக்கு ஊருக்குப் போறா. வேலை கிடைச்சா கொஞ்ச நாள்…

மருமகள்: கொஞ்ச நாள்னு நான் சொல்லல.

மகன்: அவ என்ன சொன்னாள்னு எனக்கே கேட்டுச்சு. நீங்க ஏன்பா மாத்திச் சொல்றீங்க?

மாமனார்: மாத்தல. பதமா சொல்றேன்.

மகன்: திரும்பி வரமாட்டியா?

மருமகள்: …மாமா, இவர் என்கிட்டயா கேக்கறார்?

மகன்: உன்கிட்டதான் கேக்கறேன். திரும்பி வரமாட்டியா?

மருமகள்: வந்து? யார் இருக்கா இங்க எனக்கு? மூஞ்சியில முழிக்கப் பிடிக்கலைன்னா உடம்பைப் பாத்துக்கோங்கற ஆளா?

மகன்: யாருக்கு மூஞ்சியில முழிக்கப் பிடிக்கல?

மருமகள்: எனக்கு! போன வாரம் சொல்லி அனுப்பினேனே!

மகன்: 'அவளுக்குத் தலைவலி, தனியா இருக்கட்டும்'னுதானே அப்பா சொன்னார். அதான் உடம்பைப் பாத்துக்கச் சொன்னேன்.

மருமகள்: …மாமா?

மாமனார்: தலைவலியும் இருந்துச்சு.

மகன்: இன்னிக்குக் காலையில நான் சொன்னது வந்துச்சா உனக்கு?

மருமகள்: நல்லபடியா வகுப்பு எடுத்துட்டு வரச் சொன்னீங்களாம்.

மகன்: நானா? 'என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம போறவ எக்கேடோ கெட்டுப் போகட்டும்'னேன்!

மருமகள்: எக்கேடோ கெட்டா!

மகன்: ஆமா!

மருமகள்: அப்படியா சொன்னீங்க?

மகன்: அப்படித்தான் சொன்னேன்! கதவை வேற அறைஞ்சேன்.

மருமகள்: காத்துல கதவு அடிச்சுதுன்னார்…

மாமனார்: ரெண்டு பேரும் மெதுவா பேசுங்க. ஜன்னல் திறந்திருக்கு.

மகன்: திறந்தே இருக்கட்டும்! அப்பா, இன்னும் என்னென்ன பதமா சொன்னீங்க? ஆஸ்பத்திரியில?

மாமனார்: அது முடிஞ்ச கதை.

மருமகள்: முடியல மாமா. அதுலேருந்துதான் எல்லாம். ஆப்பரேஷனுக்கு முன்னாடி உங்க கையைப் பிடிச்சுக்கிட்டு என்ன சொன்னேன்? 'அவரை வரச் சொல்லுங்க, இப்பவே வரச் சொல்லுங்க'ன்னு அழுதேனா இல்லையா?

மகன்: அழுதியா?

மருமகள்: அழுதேன்!

மகன்: 'நல்லா இருக்கா, அவசரமில்ல, நீ ஷிஃப்ட்டை முடிச்சுட்டு வா'ன்னார். நான் போன்லயே கெஞ்சினேனேப்பா. எனக்குப் பயமா இருக்கு, வால்வைத் திருக முடியல, நான் வந்துடறேன்னு சொன்னேனே…

மருமகள்: பயமா இருந்துச்சா?

மகன்: அப்புறம் இருக்காதா?

மருமகள்: உங்களுக்கா? என்னை நினைச்சா?

மகன்: வேற யாரை நினைச்சு டீச்சர்?

மருமகள்: டீச்சர்…

மகன்: அப்பா. ஏன்பா?

மாமனார்: ஷிஃப்ட்ல இருக்கிறவன் பாதியில விட்டுட்டு ஓடி வரக் கூடாது. உங்கம்மா பிரசவ வலியில கிடந்தப்ப நான் வண்டியை விட்டு இறங்கல. நீ பிறந்து கண்ணைத் திறந்து பாத்தப்புறம்தான் வந்தேன். வீட்டுல அழுகைச் சத்தம் கேட்டா ஊர் என்ன பேசும்? ரெண்டு பேர் மானமும் கெடாம பாத்துக்கிட்டேன். அதைத்தான் பண்ணினேன்.

மகன்: அம்மா அதை உங்ககிட்ட சொன்னாங்களா… அன்னிக்கு அவங்களுக்கு எப்படி இருந்துச்சுன்னு?

மாமனார்: அவ ஒண்ணும் சொல்லல. கடைசி வரைக்கும்.

மருமகள்: அத்தையைப் பத்தி இப்ப எதுக்குங்க? அவர் பாவம். நீங்க என்னைப் பாருங்க. அவர் சொன்னாலும், உங்களுக்குன்னு புத்தி வேண்டாமா? பயமா இருக்குன்னா வர வேண்டியதுதானே?

மகன்: நீ மட்டும்? போன் உன் தலைமாட்டுலதானே இருந்துச்சு? எனக்கு ஒரு வார்த்தை போட உனக்குக் கை இல்லையா?

மருமகள்: ஊசி குத்தின கை!

மகன்: இன்னொரு கை?

மருமகள்: அதுலதான் உங்கப்பா கையைப் பிடிச்சிருந்தேன்!

மகன்: அதான் தப்பு!

மருமகள்: கத்தாதீங்க!

மகன்: நீ கத்தறே!

மருமகள்: ஆமா, கத்தறேன்! ஒரு வருஷமாக் கத்த வேண்டியது! எக்கேடோ கெட்டுப் போகட்டுமாம்! இன்னொரு தடவை சொல்லுங்க பாக்கலாம்!

மாமனார்: எதிர்வீட்டு ஜன்னல்ல ஆள் நிக்குது…

மருமகள்: நிக்கட்டும் மாமா! நாளைக்குக் காலையில எனக்கு வண்டி. அதுக்குள்ள இவர்கிட்ட நான் பேசி முடிக்கணும்.

மகன்: முடியாது. அதுக்குள்ள முடியாது. நானும் வரேன் வண்டியில. வழியெல்லாம் பேசறேன்.

மருமகள்: ஷிஃப்ட்?

மகன்: லீவு போடறேன். வாழ்க்கையில முதல் தடவை.

மருமகள்: …வாங்க. ஆனா நான் விடமாட்டேன். ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் கேப்பேன்.

மகன்: கேளு.

மருமகள்: நம்ம… மாமா, எங்க போறீங்க? அந்தக் கறுப்புப் பொத்தானை ஏன் எடுத்துட்டுப் போறீங்க?

மாமனார்: சட்டையில ஒண்ணு அறுந்திருக்கு.

மருமகள்: உங்க சட்டைக்கெல்லாம் வெள்ளைப் பொத்தானாச்சே.

மாமனார்: எது இருந்தாலும் தைச்சுக்கலாம். நாளைக்கு நீங்க போனதும் தங்கச்சி வீட்டுக்குப் போறேன். அவளுக்கு முட்டி வலி. கூட ஒரு ஆள் இருந்தா தேவலைன்னா.

மகன்: எப்பப்பா சொன்னாங்க? என்கிட்ட சொல்லவே இல்லையே.

மாமனார்: எல்லாத்தையும் எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டா இருக்காங்க?

*

தங்கை: ஒரு வாரம் ஆச்சு, இவ்வளவு பெரிய பெட்டியோட வந்து நின்னே. ஒரு போன் கூட இல்லாம.

மாமனார்: தங்கச்சி வீட்டுக்கு வர்றதுக்குப் போன் வேற பண்ணணுமா?

தங்கை: இருண்ணா, உன்னை யாரு வேண்டாம்னா. ஆனா உன் மகன் கூப்பிட்டான். 'அத்தை, முட்டி வலி எப்படி இருக்கு?'ங்கறான். என் முட்டிக்கு என்ன கேடு? மூணு மாடி ஏறி இறங்கறேன்.

மாமனார்: நீ என்ன சொன்னே?

தங்கை: என்ன சொல்றது… நீ ஏதோ சொல்லி வெச்சிருக்கேன்னு புரிஞ்சுது. 'ஐயோ அம்மா'ன்னு ரெண்டு தடவை முனகினேன்.

மாமனார்: நல்ல காரியம் பண்ணே.

தங்கை: எத்தனை நாளைக்கு முனகணும்?

மாமனார்: கொஞ்சம் கூடவே.

தங்கை: ஏன்ணா? அங்க என்ன நடந்துச்சு?

மாமனார்: ஒண்ணும் நடக்கல. ரெண்டு பேரும் ரயில்ல போனாங்க. நானும் பிளாட்பாரம் வரைக்கும் போனேன். விடியற நேரம், நல்ல பனி. வண்டி நகர்ந்தப்ப ஜன்னல்ல பாத்தேன். அவ கையை ஆட்டி ஆட்டி அவன்கிட்ட என்னவோ சொல்லிக்கிட்டிருந்தா. அவனும் விடாம பதில் சொன்னான். பெட்டி பெட்டியா பனிக்குள்ள போச்சு… ரெண்டு பேரும் என்னைத் திரும்பிப் பாக்கவே இல்ல.

தங்கை: வருத்தமா இருக்கா?

மாமனார்: இல்ல.

தங்கை: அவங்கதான் திரும்பி வந்துட்டாங்களே, அப்ப நீயும் போயிட வேண்டியதுதானே?

மாமனார்: போனா பழையபடி என்னைப் பாத்துத்தான் பேசுவாங்க. ரெண்டு பேருக்கும் அது பழகிடுச்சு. நானும் வாயை மூடிக்கிட்டு இருக்கமாட்டேன். ஒரு வார்த்தை காரமா இருந்தா எனக்கு மனசு கேக்காது, கொஞ்சம் சர்க்கரை தூவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

தங்கை: வேலை?

மாமனார்: கிடைச்சிடுச்சு. வாரத்துல ரெண்டு நாள் அங்க, மீதி நாள் இங்க. அதுக்கும் சண்டை போட்டுத்தான் முடிவு பண்ணியிருக்காங்க.

தங்கை: அண்ணா… கேட்டா கோவிச்சுக்கக் கூடாது.

மாமனார்: கேளு.

தங்கை: உங்க எதிர்வீட்டம்மாவைக் கடைத்தெருவுல பாத்தேன். மருமக உன்னைப் பெட்டியோட வெளிய தள்ளிட்டாளாம். புருஷனும் பெண்டாட்டியும் தெருவே கேக்கற மாதிரி கத்திக்கறாங்களாம். கூடிய சீக்கிரம் பிரிஞ்சுடுவாங்களாம். ஊரெல்லாம் அதுதான் பேச்சாம்.

மாமனார்: தப்பு. என்னை யாரும் தள்ளல, நானா வந்தேன். அவங்க பிரியப் போறதும் இல்ல. கத்தற சத்தம் கேக்குதுன்னா அது மட்டும் நிஜம். ரெண்டு பேரும் பேசிக்கிட்டிருக்காங்க.